எஃபிக்காக ஒரு வார்த்தை

ஹார்பர் லூக்கில் செலினா பார்டியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அவளா? பரவாயில்ல." வெளியூர்க்காரர் இதைக் கேட்டால், ஏதோ சுமாரான பெண்பிள்ளை போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அங்கேதான் தப்பு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தெற்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் ஒரு ஆளைப் புகழ அதைவிடப் பெரிய சொல் கிடையாது. புயலுக்குள் படகைத் திருப்பிக்கொண்டு போய்ப் பக்கத்துப் படகுக்காரர்களை உயிரோடு தூக்கி வந்தவன் பரவாயில்லாத ஆள். கல்யாண வீட்டில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்ற கேக்கும் பரவாயில்லாத கேக். அதற்கு மேல் ஒருவர் சொன்னால் கிண்டல் செய்கிறார் என்று அர்த்தம், இல்லாவிட்டால் குடித்திருக்கிறார்.

பிறரைப் பற்றியே அப்படியென்றால் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை என்னவென்று சொல்ல! ராய் ஸ்னூக் ஒரு தடவை சர்ச் மண்டபத்தில், "இந்தக் கரையிலேயே என்னைவிட நல்லா படகு ஓட்ட எவன் இருக்கான்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். சாகிற வரைக்கும் அவனை எல்லோரும் அட்மிரல் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லறைக் கல்லில்தான் அவனுக்கு ராய் என்ற பெயர் திரும்பக் கிடைத்தது.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான் செலினா. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மீன் ஆலைக்குப் போனாள். ஆலை மேலாளர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ யாரு வீட்டுப் புள்ள?"

"ஆம்ப்ரோஸ் கீப்பிங் பொண்ணுங்க."

"சரி. ஏப்ரன் அந்த ஆணியில தொங்குது பாரு."

நேர்காணல் முடிந்தது. ஆம்ப்ரோஸ் கீப்பிங் அடுத்தவன் வலையில் கை வைக்காதவர், அவர் மனைவி வேலைக்கு அஞ்சாதவள் என்பதெல்லாம் மேலாளருக்குத் தெரியும். அதற்கு மேல் அவருக்கு எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. அந்த முறையில் நியாயம் இருந்ததா என்று கேட்டால், நல்ல குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இருந்தது. குடிகாரன் மகளுக்கு ஏப்ரன் கிடைக்க நாளாகும்.

ஆலையில் செலினாவுக்கு வலது கைப்பக்கம் நின்றவள் எஃபி க்ளூவெட். இருவரும் காட் மீனில் முள்ளும் புழுவும் எடுத்துத் துண்டம் போடுகிற வரிசையில் இருந்தார்கள். எஃபி குள்ளம். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை செய்வாள். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். செலினா முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது மீன் வாடை பட்டாலே குடலைப் புரட்டிக்கொண்டு வரும். வரிசையை விட்டு ஓடி ஓடி வெளியே போவாள். திரும்பி வந்து பார்த்தால் அவளுடைய தட்டு முடித்த துண்டங்களால் நிறைந்திருக்கும், எஃபியின் தட்டு பாதி குறைந்திருக்கும். இதைப் பற்றி எஃபி அன்றும் பேசியதில்லை, பின்னாலும் பேசியதில்லை. சில வருடம் கழித்து வரிசைக்கு மேற்பார்வைக்காரியாகச் செலினாவைப் போட்டபோது, எஃபிதான் அவளுக்கு வெள்ளைத் தொப்பியை எடுத்து மாட்டிவிட்டாள்.

ஒரு ஜூலை மாதம் அரசாங்கம் காட் மீன் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. கடலில் மீனே இல்லையாம். ஆலைக்குப் பூட்டு விழுந்தது. மீன் இல்லாத மனிதர்களை என்ன செய்வது என்று நாட்டின் தலைநகர் ஒட்டாவாவில் உட்கார்ந்து யோசித்தவர்கள், எல்லோரையும் சான்றிதழ் பிடிக்க அனுப்பினார்கள். படித்தால்தான் உதவித்தொகை என்றார்கள். கூத்து ஆரம்பமானது. ஊரில் பாதிப் பெண்கள் முடி வெட்டக் கற்றுக்கொண்டார்கள். ஹார்பர் லூக்கில் இருக்கிற தலைகளை எல்லாம் எண்ணினாலும் இத்தனை கத்திரிக்கோலுக்குக் காணாது. ஒருத்தி தலையை மற்றவள் வெட்டி, அவள் தலையை இன்னொருத்தி வெட்டி, அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரே மொட்டையடித்த ஆட்டுக்குட்டி மாதிரி திரிந்தது. ஆண்களில் பலர் கம்ப்யூட்டர் படித்தார்கள். ஊரில் அப்போது ஒரு கம்ப்யூட்டரும் கிடையாது.

செலினாவின் கணவன் ஹெட்லி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"நாலாவது படிக்கிறப்ப டீச்சரம்மா என்னை வெளிய போய் நில்லுன்னா. இன்னும் உள்ள வான்னு கூப்பிடல. கூப்பிட்டா போறேன்."

"அந்தம்மா செத்து பத்து வருசமாச்சுய்யா."

"அப்ப விடு, நிம்மதி."

செலினாவும் எஃபியும் முதலில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். பிறகு பக்கத்துப் பெரிய ஊரில் இருந்த கல்லூரியில், ஆஸ்பத்திரியின் அறுவைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி போக்கி, துணியில் சுற்றி அடுக்குகிற வேலைக்கான படிப்பில் சேர்ந்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தது எஃபிதான். "கத்தி கழுவுறதுதானே புள்ள, நமக்குத் தெரியாததா?" என்றாள். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதில் கத்தி கொஞ்சம், கிருமி நிறைய, பெயர்கள் அதைவிட நிறைய என்று. முதல் வாரம் செலினா காரிலேயே அழுதாள். நாற்பத்து மூன்று வயதில் மூளை துருப்பிடித்துப் போயிருக்கும் என்று பயந்தாள். ஆனால் ஒரு மாதம் போனதும் அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது. ரொட்டி மாவு பிசையும்போது கிருமிகளின் பெயர்களை முணுமுணுத்தாள். காலையில் எழுந்ததும் இன்றைக்கு வகுப்பு இருக்கிறது என்று நினைத்தால் சந்தோஷமாக இருந்தது. ஆலைக்குப் போன இருபது சொச்சம் வருடத்தில் ஒரு நாளும் அவளுக்கு அப்படி இருந்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவே வெட்கமாக இருந்தது.

தேர்வில் இருவருமே நன்றாகத் தேறினார்கள். எஃபிக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். கல்லூரிச் சுவரில் ஒட்டியதைப் பார்த்துத்தான் செலினாவுக்குத் தெரியும். தன் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்த செலினா, அதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் திண்டாடினாள். முன்னறையில் மாட்டினால் வருகிறவர்கள் கண்ணில் படும், பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். கடைசியில் மளிகை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஆணி அடித்து மாட்டினாள். மாவு எடுக்கத் திறந்தால் அவள் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

"மாவுக்குப் பாடம் நடத்துறியா?" என்று கேட்டான் ஹெட்லி.

சான்றிதழ் வந்துவிட்டது, வேலை வரவில்லை. இருவரும் ஊர் ஊராக மனுப் போட்டார்கள். காகிதம் தன் வேலையைச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். கூப்பிட்டார்கள். முன்பென்றால் ஆஸ்பத்திரிக் கதவுக்குள் மீன் ஆலைக்காரியை யார் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள்? ஆனால் உட்கார்ந்த பிறகு எல்லா இடத்திலும் ஒரே கேள்வி வந்தது. இந்த வேலையில் உங்கள் திறமை எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு போடுவீர்கள்? செலினா, "பரவாயில்லங்க, ஒரு மூணு" என்பாள். எஃபியும் அதையேதான் சொல்வாள். இருவருக்கும் மன்னிக்கவும் என்று கடிதம் வரும்.

அவர்களுடைய ஆசிரியை மிஸ் ரைட்அவுட், தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றில் போன் போட்டு விசாரித்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். அவர் எங்கள் மாகாணத் தலைநகரத்துக்காரர்.

"அங்க உட்கார்ந்து சுமார்னு சொன்னீங்களாமே ரெண்டு பேரும்? அவங்களுக்கே நம்பிக்கை இல்லாதப்ப நாங்க எப்படி எடுக்கிறதுன்னு கேக்கறாங்க."

"சுமார்னு சொல்லல மிஸ். பரவாயில்லன்னுதான் சொன்னோம்."

"கடவுளே! அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. இனிமே யாரு கேட்டாலும் அஞ்சு. நான் ரொம்ப நல்லா செய்வேன். அவ்வளவுதான். வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகுங்க."

இலையுதிர்காலம் வந்துவிட்டது. ஹெட்லியின் தம்பி ஒன்டாரியோவில் பிராம்ப்டன் ஊரில் கிடங்கு வேலையில் இருந்தான். வந்தால் இருவருக்கும் பெட்டி கட்டுகிற வேலை தயார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பனி விழுவதற்குள் செலினாவுக்கு வேலை கிடைக்காவிட்டால் கதவில் பலகை அடித்துவிட்டுக் கிளம்புவது என்று பேசி முடித்திருந்தார்கள். ஊரை விட்டுப் போவதைப் பற்றிச் செலினா அவ்வளவாகக் கவலைப்படவில்லை. மறுபடி ஒரு வரிசையில் போய் நிற்பதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு அந்த வேலை வேண்டும். ஆஸ்பத்திரியில் கருவிகளை அடுக்குகிற அந்த வெள்ளை அறை வேண்டும். எஃபியின் நிலைமை இன்னும் மோசம். அவள் கணவன் லூவுக்கு முதுகு போய் வருடக்கணக்காகிறது. போனால் பிராம்ப்டனில் லூவின் அக்கா வீட்டு நிலவறையில் பிள்ளைகளோடு அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியானது. ஒரே ஓர் இடம். இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் செலினா வீட்டுச் சமையலறையில் ஒத்திகை நடந்தது. எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. எஃபி நேராக உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தாள். ஹெட்லி மேஜைக்குப் பின்னால் ஆஸ்பத்திரி அதிகாரியாக உட்கார்ந்திருந்தான். மூக்கில் செலினாவின் கண்ணாடி.

"மிஸஸ் பார்டி, உங்க திறமைக்கு எவ்வளவு போடுவீங்க?"

"அ... அஞ்சு."

"காது கேக்கல, சத்தமா."

"அஞ்சு! நான் ரொம்ப நல்லா செய்வேன்!"

மூவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செலினாவின் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. ஹெட்லி எழுந்து நின்று சல்யூட் அடித்தான். "வாங்க அட்மிரல்!"

"போய்யா! பொழப்புக்காகத்தானே சொல்றேன்?"

"நீ சொல்லு எஃபி," என்று அவள் பக்கம் திரும்பினான்.

எஃபி தலையை ஆட்டினாள். "என்னால ஆகாது ராசா. என் வாயால எப்படிச் சொல்லுவேன்? எங்கம்மா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து அறைவா."

"அப்ப வேலை கிடைக்காதுடி," என்றாள் செலினா.

"அதான் உம் பேரைக் குடுத்திருக்கேனே. ஆலையில என் வேலையைப் பாத்தவங்க யாருன்னு கேட்டிருந்தாங்க. மேலாளர் எங்கயோ போய்ட்டாரு. உன்னைத்தான் எழுதினேன். நீதானே எனக்கு மேல இருந்த? கேட்டா எனக்காக ஒரு வார்த்தை சொல்லு புள்ள. மத்தவங்களைப் பத்திச் சொல்லலாம்ல, அதுல தப்பில்ல."

ஒரே வேலைக்குப் போட்டியிடுகிற இருவரில் ஒருத்தியை மற்றவள் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள். இதில் ஏதாவது கோணல் இருப்பதாக அந்த அறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. செலினா, "சொல்லாம பின்ன?" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் ஹெட்லியின் வண்டியில் மூவரும் போனார்கள். எஃபியை முதலில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்னடி, அஞ்சு சொன்னியா?"

"மூணுன்னேன். என் மனசறிஞ்சு அதுவே கொஞ்சம் கூடுதல்."

செலினா உள்ளே போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மிஸஸ் லாங்டன், ஆஸ்பத்திரி நிர்வாகி, டொரன்டோவிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகவில்லை. தன்மையான பெண்மணி. தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். செலினாவின் வாய் சொன்னபடி கேட்டது. ஐந்து என்றாள். இந்த வேலையை நான் ரொம்ப நன்றாகச் செய்வேன் என்றாள். மேற்பார்வை செய்திருக்கிறேன், என் வரிசையில் இருந்து போன மீன் ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை என்றாள். சொல்லச் சொல்ல ஓர் ஆச்சரியம் நடந்தது. இதெல்லாம் உண்மைதானே என்று அவளுக்கே பட்டது. முதுகு நிமிர்ந்துகொண்டது. மிஸஸ் லாங்டன் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

"கடைசியா ஒண்ணு. எஃபி க்ளூவெட் உங்க பேரைக் குடுத்திருக்காங்க. இது கொஞ்சம் வழக்கத்துக்கு மாறானதுதான். நீங்களும் இதே வேலைக்கு வந்திருக்கீங்க, அதனால விருப்பமில்லன்னா பதில் சொல்ல வேண்டாம். அவங்க எப்படி வேலை செய்வாங்க?"

செலினாவுக்கு எஃபியின் முகம் கண்முன் வந்தது. கவிழ்த்த பெட்டி, பாதி குறைந்த தட்டு, அந்தச் சிரிப்பு எல்லாமும் சேர்ந்து வந்தது. தன்னிடம் இருந்ததிலேயே பெரிய சொல்லை எடுத்து வைத்தாள்.

"எஃபியா? எஃபி பரவாயில்லங்க."

மிஸஸ் லாங்டன் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "வேற ஏதாவது?"

"வேற என்னங்க சொல்ல? பரவாயில்ல. அவ்வளவுதான்."

அதற்கு மேல் சொல்ல எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? வெளியே வந்த செலினா, எஃபியின் தோளைத் தட்டி, "கேட்டாங்க, சொல்லிட்டேன்," என்றாள். எஃபி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். வழியில் வண்டியை நிறுத்தி மூவரும் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றார்கள்.

அடுத்த வாரம் போன் வந்தது. வேலை செலினாவுக்கு. ஹெட்லி அவளை அப்படியே தூக்கிச் சுற்றப் பார்த்து, இடுப்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எஃபி ஒரு டப்பா நிறைய உள்ளூர்ப் பழ ஜாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உனக்குக் கிடைச்சதுல எனக்குச் சந்தோசம்தான் புள்ள," என்றாள். பொய்யில்லை. வீட்டுக்குத் திரும்பி நடந்தபோது அவள் தோள் கொஞ்சம் தொங்கியிருந்ததும் பொய்யில்லை. லூவின் அக்காவுக்கு அன்றே போன் போட்டுவிட்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மிஸஸ் லாங்டனே செலினாவை அழைத்துக்கொண்டு போய் அந்த வெள்ளை அறையைக் காட்டினார். கருவிகள் வரிசையாக மின்னின. உடுப்பு கொடுத்தார்கள், அளவு சரியாக இருந்தது. செலினாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பிப் போகும்போது மிஸஸ் லாங்டன் சற்றே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்க நேர்மையை நான் மதிக்கிறேன் செலினா. உங்க ஃப்ரெண்டைப் பத்தி அப்படிச் சொல்றது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்."

"எப்படிங்க?"

"சுமார்தான்னு. உண்மையைச் சொன்னா அவங்க மார்க் உங்களைவிடக் கூட. எனக்கு ரொம்பத் தடுமாற்றமா இருந்தது. ஆனா இருபது வருசம் பக்கத்துல நின்ன நீங்களே அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல முடியலைன்னா..."

செலினாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, அம்மா! எங்க ஊர்ல அதுக்கு மேல வார்த்தையே இல்லீங்க. ரொம்ப நல்லவளுக்குத்தான் அப்படிச் சொல்லுவோம்."

மிஸஸ் லாங்டன் சிரிக்கலாமா என்று தெரியாமல் அவளைப் பார்த்தார். "ஆனா உங்களைப் பத்திச் சொல்லும்போது நீங்க அப்படிச் சொல்லலையே?"

ஐந்து என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாய்தான். டொரன்டோக்காரிக்குப் புரிகிற பேச்சு அந்த வாயில் தயாராக இருந்தது. எஃபியின் பெயரைக் கேட்டதும் அது எங்கே போயிற்று? பாசத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது என்று ஒரு மனம் சொன்னது. ஒரே ஓர் இடம்தான் என்று உனக்குத் தெரியுமே என்று இன்னொரு மனம் சொன்னது. எஃபிக்கு இடத்தைக் கொடுத்துவிடுங்கள், நான் போகிறேன் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் கண் அந்த வெள்ளை அறையின் மேல் இருந்தது. வாய் திறக்கவில்லை.

நான் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. அந்த அறைக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும். அன்று முழுக்க அவள் வெட்கப்பட்டாள் என்பதும் தெரியும். சொல்லாமல் விட்டதெல்லாம் வேலை நடுவில் ஒவ்வொன்றாக வந்து அவளைக் குத்தியது. அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். எஃபி கை பட்ட துண்டத்தில் ஒரு முள்ளை யாரும் பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வகுப்பிலேயே அவள்தான் கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கலாம்.

வேலை முடிந்ததும் நேராக எஃபி வீட்டுக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனாள். எஃபி தரையில் உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரில் படங்கள் இருந்த இடம் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. லூ ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தான்.

"வா புள்ள. வெள்ளைச் சட்டை குடுத்தாங்களா? கெட்டிலை வைக்கட்டா?"

"வேணாம். எஃபி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தம்மா உன்னைப் பத்திக் கேட்டாங்கல்ல?"

"ஆமா."

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீதான் உள்ள இருந்த."

"பரவாயில்லன்னு சொன்னேன்."

எஃபியின் கை நின்றது. தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். நிமிர்ந்து செலினாவைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"பரவாயில்லன்னா சொன்ன?"

"ஆமா எஃபி, ஆனா..."

"ஆஸ்பத்திரியில வச்சா? அந்த டொரன்டோக்காரம்மா மூஞ்சிக்கு நேராவா?" ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! லூ, கேட்டியா? செலினா என்னைப் பத்திப் பரவாயில்லன்னு சொல்லியிருக்கா!"

லூ நாற்காலியில் நிமிர்ந்தான். "அப்படியா சொன்ன? பெரிய மனசு செலினா உனக்கு. நான்கூட இவளை அப்படிச் சொன்னதில்ல."

"எஃபி, நான் சொல்றதை முழுசாக் கேளு. அவங்க ஊர்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற."

"என்ன வேற? நல்ல வார்த்தை எங்க போனாலும் நல்ல வார்த்தைதானே?" எஃபி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "இப்பல்ல புரியுது எனக்கு. அவ்வளவு தூக்கிச் சொன்னா எவ நம்புவா? சிநேகிதிக்காகப் புளுகறான்னு நெனச்சிருப்பாங்க. அதான் எனக்குக் குடுக்கல. போனாப் போகுது விடு. உம்மேல தப்பில்ல புள்ள, நீ மனசுல பட்டதைச் சொன்ன."

செலினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எஃபி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெந்நீரும் உப்பும் பட்டுக் காய்த்துப்போன கை. இந்த வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தைச் செலினா பார்த்ததில்லை. சொல்ல வந்த மீதி அவளுக்குள்ளேயே அமுங்கிப்போனது. அதை எடுத்து வெளியே போட்டால் யாருக்கு என்ன கிடைக்கும்? வேலை அவளிடம் இருக்கிறது. இந்த ஒரு வார்த்தைதான் எஃபியிடம் இருக்கிறது. செலினா தரையில் உட்கார்ந்து, ஒரு செய்தித்தாளை இழுத்து, தட்டுகளைச் சுற்ற ஆரம்பித்தாள். அழுகையை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

இன்னொரு தட்டை எடுத்துச் சுற்றிக்கொண்டே எஃபி சொன்னாள்: "பிராம்ப்டன்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்காம். அங்க போய் மனுப் போடப் போறேன். அங்கேயும் உம் பேரைத்தான் குடுப்பேன். கேட்டாங்கன்னா இதையே சொல்லு."

"சொல்றேன். ஆனா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன், எஃபி. இந்தத் தடவை ரொம்பவே கூட்டிச் சொல்லுவேன்."

எஃபி பதறிப்போய்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஐயையோ, வேணாம் புள்ள. புது ஊர்ல போய் என் மானத்தை வாங்கிடாத."